கைப்பேசியும் கடலோடியும்

பெரிய பொருள்களின் பெருமையை உலகம் எளிதில் உணர்ந்துகொள்கிறது. சிறிய பொருள்களின் அருமையோ, அவற்றின் பயனை நேரில் கண்டவர்க்கே விளங்குகிறது. இராமேசுவரம் தீவைத் தாய்நிலத்தோடு இணைத்த பாம்பன் இரயில் பாலம் 1914-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்கு அருகே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்பிரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமும், கப்பல் வரும்போது செங்குத்தாக மேலே உயரும் நடுப்பகுதியும் கொண்ட அப்புதிய பாலத்தைக் கண்டு வியவாதவர் இலர். ஆனால், பாம்பனுக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே அமைந்துள்ள தங்கச்சிமடத்தின் மீனவருக்கு வேண்டிய மற்றொரு பாலமும் உண்டு. அதற்குத் தூண் இல்லை, இரும்பு இல்லை, அது கண்ணுக்கும் புலப்படாது. அதன் நீளம் ஏறத்தாழப் பத்து மீட்டரே. அப்பாலந்தான் கைப்பேசியில் அமைந்துள்ள புளூடூத் என்னும் வசதியாகும்.

புளூடூத் என்றால் ‘நீலப்பல்’ என்று பொருள். ஓர் அறிவியற் கருவிக்கு இத்தகைய பெயர் வாய்த்தது எவ்வாறு? பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கு நாட்டை ஆண்ட ஹரால்டு என்னும் மன்னனுக்கு அப்பட்டப்பெயர் வழங்கியது. சிதறிக் கிடந்த குலத்தாரை ஒன்றுபடுத்தியவன் என்று வரலாறு அவனைப் போற்றுகிறது. 1994-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் எரிக்சன் நிறுவனத்தார், கம்பியின் துணையின்றிக் கருவிகளை இணைக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டனர். 1998-இல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐ.பி.எம்., தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் இதற்கெனக் கூடிச் செயற்பட்டன. பல நிறுவனத்தார் செய்த பலவகைக் கருவிகளையும் ஒரே மொழியில் உரையாடச் செய்வது அவர்களின் நோக்கம். ஆகவே, பிரிந்தவரைச் சேர்த்த மன்னனின் பெயரே அதற்குப் பொருத்தமாயிற்று. கைப்பேசித் திரையில் காணும் அதன் சின்னமும், அம்மன்னனுடைய பெயரின் முதலெழுத்துகளைப் பழைய வடபுல எழுத்து வடிவில் பின்னி அமைத்ததே ஆகும்.

இதன் செயல்முறையை அறிவதும் நலம். வானொலி அலைகளைப் போன்ற அலைகளே புளூடூத்திலும் செய்தியைச் சுமந்து செல்கின்றன. ஆனால் அவற்றின் ஆற்றல் மிகக் குறைவு. ஆதலால் அவை நெடுந்தொலைவு செல்வதில்லை. அதே அலைவரிசையை வேறு பல கருவிகளும் பயன்படுத்துவதால், ஒன்றன் பேச்சு மற்றொன்றன் பேச்சோடு கலந்துவிடக்கூடும். அவ்வாறு கலவாதிருக்க, இணைந்த இரு கருவிகளும் ஒரு நொடிக்கு 1600 முறை வரையில் தம் வழித்தடத்தை மாற்றிக்கொண்டே உரையாடுகின்றன. சந்தை இரைச்சலுக்கு நடுவில் இருவர் குறிப்பறிந்து இடம் மாறி மாறிப் பேசிக்கொள்வதைப் போன்றது இது. 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த மேம்பட்ட முறை, மிகச் சிறிய மின்கலத்தைக் கொண்டே நெடுநாள் இயங்கும் திறனையும் இதற்கு அளித்தது.

இவ்வசதியைப் பாட்டுக் கேட்பதற்கே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் குறையுடையது. செவிப்புலன் குன்றியோர் அணியும் கருவி, கைப்பேசியில் வரும் குரலை இதன் வழியாக நேரே செவியிற் சேர்க்கிறது. நீரிழிவு நோயாளரின் குருதிச் சர்க்கரையை அளக்கும் கருவி, தான் கண்ட அளவைக் கைப்பேசியில் நாள்தோறும் பதிந்து வைக்கிறது. சிறு கடைக்காரர், கையடக்கமான அச்சுப்பொறியைக் கைப்பேசியோடு இணைத்துச் சீட்டுக் கொடுக்கிறார். பெருந்தொற்றுக் காலமாகிய 2020-இல் இந்திய அரசு வெளியிட்ட ஆரோக்கிய சேது என்னும் செயலி, யார் யார் அருகருகே இருந்தனர் என்பதை அறிய இதனையே துணைக்கொண்டது. புயலடித்துக் கைப்பேசிக் கோபுரங்கள் செயலற்றுக் கிடக்கும் நாளிலும், அருகருகே உள்ள இரண்டு கைப்பேசிகள் படத்தையும் குறிப்பையும் தமக்குள் பரிமாறிக்கொள்ள இதனால் இயலும். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பர். இந்த நீலப்பல்லோ, துரும்பினும் சிறிதாயிருந்தும் உயிரையே காக்க வல்லது. அதன் உண்மையை உணர்வதற்குக் கடற்கரைக்குச் செல்லுதல் வேண்டும்.

தங்கச்சிமடத்து மண்ணில் வளரும் மல்லிகை நாற்று வெளியூர்த் தோட்டங்களுக்கும் செல்கிறது. அங்கு வாழும் மீனவரோ கடலை நம்பி வாழ்கின்றனர். வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா என இரு கடல்களும் இத்தீவைச் சூழ்ந்துள்ளன. விசைப்படகிலும் நாட்டுப்படகிலும் வல்லத்திலும் செல்வோர், கொண்டலையும் கச்சானையும் வாடையையும் சோழகத்தையும் பார்த்தறிந்து வலை விரிக்கின்றனர். ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன் இனம் பெருகுவதற்காக, விசைப்படகுகள் கரையிலேயே நிற்கின்றன. எஞ்சிய மாதங்களில் ஒவ்வொரு பயணத்தின்போதும், சென்றவர் திரும்பும் வரையில் வீட்டார் கரையை நோக்கிய வண்ணமே இருப்பர்.

கரையில் நிற்போர் கையிலும் கைப்பேசி உண்டு. கடலில் இருப்போர் கையிலும் கைப்பேசி உண்டு. ஆயினும் கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் கோபுரத்தின் அலை எட்டுவதில்லை. செய்தி மிக வேண்டிய இடத்திலேயே கைப்பேசி ஊமையாகிவிடுகிறது. இக்குறையின் கொடுமையை இத்தீவினர் நன்கறிவர். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியைப் பாழாக்கியது. பாம்பனிலிருந்து புறப்பட்ட இரயில் வண்டி, நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடலலைக்கு இரையாயிற்று. புயலைத் தடுக்க மனிதனால் இயலாது. அது வருகிறதென்னும் செய்தியை உரியவர்க்கு உரிய நேரத்தில் சேர்ப்பிக்க இயலும். அக்காலத்தில் அதற்குரிய கருவி இல்லை.

அறிவியல் பெரிதும் வளர்ந்த பின்னரும் அக்குறை முழுதும் நீங்கவில்லை என்பதை 2017-ஆம் ஆண்டின் ஒக்கிப் புயல் காட்டியது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில், கன்னியாகுமரிக் கடலில் அது விரைந்து வலுப்பெற்றது. எச்சரிக்கை வெளியான வேளையில், குமரி மாவட்டத்தையும் கேரளத்தையும் சேர்ந்த மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். வானிலை நிலையத்தில் செய்தி இருந்தது. செயற்கைக்கோள் எடுத்த படமும் இருந்தது. படகில் இருந்தவர்க்கு அதனைச் சொல்வார் இல்லை. நூற்றுக்கணக்கானோர் கரை திரும்பவில்லை. அறிவு ஓரிடத்திலும் ஆபத்து வேறோரிடத்திலும் இருந்தமையால் விளைந்த துன்பம் அது.

அத்துன்பம் தந்த படிப்பினையால் ஒரு முயற்சி தோன்றியது. ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையமும், இந்திய விமான நிலைய ஆணையமும் கூடி, ‘ஜெமினி’ என்னும் சிறு கருவியை 2019 அக்டோபரில் வெளியிட்டன. விமானங்களுக்கு வழிகாட்ட அமைந்த ‘ககன்’ என்னும் செயற்கைக்கோள் அமைப்பே, மீனவருக்குரிய செய்தியையும் வானிலிருந்து அனுப்புகிறது. படகிலுள்ள ஜெமினிக் கருவி அதனைப் பெற்று, புளூடூத் வாயிலாகக் கைப்பேசிக்குத் தருகிறது. கைப்பேசியிலுள்ள செயலி அச்செய்தியை மீனவரின் தாய்மொழியிலேயே காட்டுகிறது. புயல் எச்சரிக்கை, அலையின் உயரம், மீன் திரளக்கூடிய இடம் ஆகியவற்றைத் தமிழில் படிக்க முடிகிறது. ஆனால் இக்கருவிக்குக் கேட்கும் செவி உண்டே அன்றிப் பேசும் வாய் இல்லை. கரை சொல்வதைப் படகு கேட்கலாம். படகு கூவுவதைக் கரை கேட்க வழியில்லை.

அக்குறையைப் போக்கியது இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அமைத்த இருவழிச் செய்திக் கருவி. ‘வான்தோழன்’ என்று பொருள்படும் ‘நப்மித்ரா’ என்னும் பெயரால் அது வழங்குகிறது. 2024 சனவரியில் கேரளத்து நீண்டகரையில் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள், நாட்டின் 13 கடலோர மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும், விசைப்படகுகளுக்கும் இயந்திரம் பொருத்திய படகுகளுக்குமாக ஓர் இலட்சம் கருவிகளைப் படிப்படியாகப் பொருத்தும் திட்டம், ஏறத்தாழ 360 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கப்பட்டது. படகின் மேல் நிறுத்தப்படும் இக்கருவி செயற்கைக்கோளோடு பேசுகிறது. புளூடூத் வழியாக மீனவரின் கைப்பேசியோடும் பேசுகிறது. படகு கவிழும் நிலையிலோ தீப்பற்றிய நிலையிலோ, ஒரு பொத்தானை அழுத்திய அளவில் அபாயச் செய்தி கட்டுப்பாட்டு நிலையத்தை அடைகிறது. அங்கிருந்து மறுமொழியும் வருகிறது. ‘உன் குரல் கேட்டது’ என்னும் அம்மறுமொழியே, அலையோடு போராடுவோர்க்கு அரைப்பங்கு உயிரைத் திரும்பத் தருவதாகும்.

இங்கு ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். செய்தியைச் சுமக்கும் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலைபெற்றுள்ளது. அத்துணைத் தொலைவைக் கடந்து படகின் கூரைக்கு வந்த செய்தி, அங்கிருந்து மீனவரின் கைக்கு வரவேண்டிய தொலைவு பத்து மீட்டரே. அப்பத்து மீட்டரைக் கடவாவிடில், முன்னர்க் கடந்த தொலைவெல்லாம் வீணே. படகில் தனியாக ஒரு திரையும் விசைப்பலகையும் வைக்கலாமே எனின், அவற்றின் விலை மிகும். உப்புக் காற்றில் அவை விரைவில் பழுதுறும். புதிய கருவியைப் பழகவும் நாளாகும். மீனவரின் கைப்பேசியோ முன்னரே அவர் கையில் இருப்பது, அவர் பழகியது, அவர் மொழி அறிந்தது. அதனையே வானத்தோடு பேசும் வாயாக்கிய பெருமை புளூடூத்துக்கு உரியது.

இத்தீவின் மீனவருக்குப் புயல் ஒன்றே பகையன்று. தனுஷ்கோடி முனைக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டரே. 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாடுகளால் கடலில் எல்லைக்கோடு வகுக்கப்பட்டது. நிலப்படத்தில் அக்கோடு தெளிவாகத் தெரியும். நீரின்மேல் அதற்கு அடையாளம் யாதும் இல்லை. இரவிருளிலும், காற்றும் நீரோட்டமும் இழுக்கும் வேளையிலும், எல்லையைக் கடந்தோமா என்பதைக் கண்ணால் அறிதல் அரிது. கடந்தவர் சிறைப்பட்டும் படகை இழந்தும் வருந்துவதை இக்கரையோர ஊர்கள் பன்முறை கண்டுள்ளன. எல்லையை நெருங்கும்போதே எச்சரிக்கும் ஆற்றல் அக்கருவிக்கு உண்டு. அவ்வெச்சரிக்கை கைப்பேசியில் தமிழில் தோன்றுமாயின், அறியாமையால் நேரும் துன்பம் குறையும்.

எனினும், இக்கருவி எல்லாத் துன்பத்தையும் தீர்த்துவிடும் என்று கூறுவது மிகையாகும். இக்கரையில் மீன் குறைந்ததால் அறிந்தே எல்லையைத் தாண்டுவோரும் உளர். இழுவைமடி தங்கள் வலையையும் கடல்வளத்தையும் அழிக்கிறதென்று வட இலங்கைத் தமிழ் மீனவரும் முறையிடுகின்றனர். இரு கரைகளிலும் பசித்த வயிறுகள் உள்ளன. அவ்வழக்கைத் தீர்க்க வேண்டியவர்கள் மனிதர்களே; கைப்பேசி அன்று. அறியாமையைப் போக்குவது கருவியின் கடமை. வறுமையைப் போக்குவது அரசுகளின் கடமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தல் முறையாகாது.

பாட்டனும் தந்தையும் விண்மீனைப் பார்த்தும் நீரின் நிறத்தைப் பார்த்தும் கடலோடினர். அவர்க்கு இல்லாத கருவி இவர்க்கு எதற்கு என்று வினவுவார் சிலர். அம்முதியோரின் அறிவு போற்றத்தக்கதே. நீரோட்டத்தின் போக்கையும் பாரின் இருப்பையும் அவர்கள் அறிந்த அளவுக்கு எந்தக் கருவியும் அறியாது. ஆயினும், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உருவாகும் சுழலைக் கண்ணால் காணல் எவர்க்கும் இயலாது. காற்றைப் பார்த்தறிந்த அறிவும், வானிலிருந்து வரும் அறிவும் ஒன்றுக்கொன்று துணை, பகை அல்ல. துடுப்புக்குப் பின் பாயையும், பாய்க்குப் பின் இயந்திரத்தையும் ஏற்றுக்கொண்ட கடலோடி, இதனையும் ஏற்றுக்கொள்வதில் தவறில்லை.

மற்றொரு சாரார் கூறும் தடை வலுவுடையது. படகு எங்குச் செல்கிறது என்பதை அதிகாரிகள் ஓயாது காணும் வழியாக இக்கருவி அமைந்துவிடுமே என்று அவர்கள் ஐயுறுகின்றனர். அவ்வையத்தை இகழ்ந்து ஒதுக்குதல் கூடாது. காப்பதற்கென்று பெற்ற செய்தியைத் தண்டிப்பதற்கு மட்டும் பயன்படுத்தினால், மீனவர் கருவியின் மின்சாரத்தைத் துண்டித்துவிடுவர். துண்டித்த கருவி புயல் நாளில் உதவாது. ஆகவே, அபாயக் குரல் எழுந்தவுடன் ஓடோடி வந்து உதவும் ஏற்பாடு முதலில் உறுதிப்பட வேண்டும். ஒருமுறை ஓர் உயிரைக் காத்துவிட்டால், ஆயிரம் அறிவுரைகளால் பிறவாத நம்பிக்கை அந்த ஒரு நிகழ்ச்சியால் பிறக்கும்.

கருவியைப் பெறுவோர்க்கும் கடமைகள் உண்டு. கரையில் நிற்கும்போதே கைப்பேசியைக் கருவியோடு இணைத்துச் சோதித்த பின்னரே கடலுக்குச் செல்லுதல் வேண்டும். படகோட்டியின் கைப்பேசி ஒன்றை மட்டும் நம்பியிராது, மற்றொருவர் கைப்பேசியிலும் செயலியை அமைத்து வைத்தல் நலம். மின்கலம் தீர்ந்த கைப்பேசி வெறும் கல்லுக்கு ஒப்பாகும். புளூடூத்தின் அலையை நீர் விழுங்கிவிடும். மனித உடலும் பெரும்பாலும் நீரே ஆதலின், ஈரத் துணியில் சுற்றி மடியில் செருகிய கைப்பேசிக்குச் செய்தி எட்டாமற்போகக்கூடும். அதனை நீர் புகாத உறையிலிட்டு, கருவிக்கு அருகில், உயரமான இடத்தில் வைத்தல் வேண்டும். இணைக்கும்போது இரு திரைகளிலும் எண் தோன்றுமாயின், அவை ஒத்திருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே இசைவு தருதல் வேண்டும். ஊரிலும் சந்தையிலும் அறியாதவர் விடுக்கும் இணைப்பு அழைப்பை ஏற்றல் ஆகாது. வேண்டாதபோது வசதியை அணைத்து வைத்தலே அறிவுடைமை. கதவு நன்மைக்கே அமைந்தது. ஆயினும் இரவில் அதனைத் தாழிடுகிறோம் அல்லவா?

இக்கடமைகளில் மாணவர்க்கும் பங்கு உண்டு. கடலோர ஊர்களில், வலையின் கண்ணை எண்ணத் தெரிந்த தந்தைக்குச் செயலியின் எழுத்து புதிதாக இருக்கலாம். மகனும் மகளும் பள்ளியில் கற்ற கல்வியைக் கொண்டு, மாலையில் அரை மணிநேரம் அவருடன் அமர்ந்து, இணைப்பது எவ்வாறு, அபாயப் பொத்தான் எது, வந்த செய்தியைப் படிப்பது எவ்வாறு என்று காட்டுதல் வேண்டும். தேர்வில் பெறும் மதிப்பெண்ணினும் அந்த அரைமணி பெரும்பயன் தருவது. கற்ற கல்வி தன் வீட்டு அடுப்பையும் தன் வீட்டுப் படகையும் காப்பதைக் காட்டிலும் சிறந்த பயன் வேறு யாது?

இயந்திரம் பொருத்தாத சிறு வத்தைகளில் செல்வோரையும் அரசு மறவாதிருத்தல் வேண்டும். புயல் படகின் விலையைக் கேட்டு வீசுவதில்லை. ஆதலின் எச்சரிக்கையும் படகின் விலையைப் பார்த்துச் சேரலாகாது. விண்ணுக்குச் செயற்கைக்கோளை ஏவிய நாடு, அதன் குரலைக் கடைசி வல்லத்தின் கடைசி மனிதனுக்கும் சேர்க்கும் நாளிலேயே அந்த ஏவுதல் முழுமை பெறும். அதற்கு எஞ்சியிருக்கும் தொலைவு பத்து மீட்டர். அத்தொலைவைக் கடக்கும் வசதி தங்கச்சிமடத்து மீனவரின் சட்டைப்பையில் முன்னரே இருக்கிறது. அதனைப் பயன்கொள்ளச் செய்வதே அரசும் ஊராரும் ஆற்ற வேண்டிய பணியாகும்.